அக்டோபர் 16: கயத்தாறு தூக்கும் தூத்துக்குடி கப்பலும் ஒரே தேதியில்!

கோவில்பட்டி, அக்.16-

கயத்தாறு வழியாக பஸ்சில் போகிறவர்கள் இன்று ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் பார்க்கலாம். கட்டபொம்மன் சிலையின் கழுத்து தெரியாத அளவுக்கு மாலை. வரிசையாக கார்கள். போலீஸ் பாதுகாப்பு. கட்சிக்காரர்கள், அமைப்புக்காரர்கள், அதிகாரிகள் என்று ஆள் மாற்றி ஆள் வந்து மரியாதை செய்வார்கள். ஆண்டுதோறும் அக்டோபர் 16-ந் தேதி வந்தால் இதுதான் காட்சி.

காரணம், கரிசல் காட்டில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். 1799-ம் ஆண்டு இதே தேதியில்தான் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கில் போடப்பட்டார்.

ஆனால் இதே அக்டோபர் 16-ல் நம்ம மாவட்டத்தில் இன்னொரு பெரிய காரியமும் நடந்திருக்கு. தூத்துக்குடி வக்கீல் வ.உ.சிதம்பரம் பிள்ளை, வெள்ளைக்காரனுக்கு எதிராக சுதேசிக் கப்பல் கம்பெனியை பதிவு செய்த தேதியும் இதுதான். வருடம் 1906. தூக்குக்கு சரியாக 107 வருடம் கழித்து.

இது பலருக்குத் தெரியாது. மாலை போட வருகிறவர்கள் பேச்சிலும் அதிகம் வராது. இந்த ரெண்டு தவிர உலகத்தில் வேறு என்னென்னவோ இந்தத் தேதியில் நடந்திருக்கு. சிலது தற்செயல். சிலது ஒன்றை ஒன்று இழுத்து வந்தது. எது எப்படி என்ற விவரம் வருமாறு:-

புதன்கிழமை நடந்த விசாரணை

1799 அக்டோபர் 16, புதன்கிழமை. கயத்தாறில் மேஜர் பானர்மேன் என்ற கும்பினி ராணுவ அதிகாரி விசாரணை நடத்தினார். விசாரணை என்றால் கோர்ட்டு, வக்கீல், சாட்சிக் கூண்டு எல்லாம் கிடையாது. தாக்கிய படைக்குத் தலைவரும் பானர்மேன்தான். விசாரித்தவரும் அவர்தான். தீர்ப்பு சொன்னவரும் அவர்தான்.

சுற்றிலும் மற்ற பாளையக்காரர்களை வரவழைத்து உட்கார வைத்திருந்தார்கள். அவர்கள் பார்க்கணும், பார்த்து பயப்படணும். அதுதான் திட்டம்.

கட்டபொம்மன் மீது என்ன குற்றம்? கிஸ்தி பாக்கி. கலெக்டர் கூப்பிட்டபோது வரவில்லை. சிவகிரி தகராறில் ஆள் அனுப்பினார். கும்பினி படையை எதிர்த்து சுட்டார். இதற்கெல்லாம் அவர் மழுப்பவில்லை, ஒப்புக்கொண்டார் என்று பாடப் புத்தகத்திலேயே இருக்கு.

முந்தைய கதை ஊருக்கே தெரியும் என்பதால் சுருக்கமாக:- 1798-ல் கலெக்டர் ஜாக்சன், கட்டபொம்மனை பேட்டிக்கு வரச்சொல்லிவிட்டு ஊர் ஊராக அலைய விட்டார். கடைசியில் ராமநாதபுரத்தில் செப்டம்பர் 10-ந் தேதி சந்திப்பு. அங்கே கைகலப்பாகி கிளார்க் என்ற வெள்ளைக்கார அதிகாரி செத்துப்போனார். கட்டபொம்மன் தப்பினார். ஜாக்சனுக்கு பதிலாக லூசிங்டன் கலெக்டர் ஆனார். அடுத்த வருடம் செப்டம்பர் 5-ந் தேதி பாஞ்சாலங்குறிச்சி கோட்டை தாக்கப்பட்டது. கோட்டையை விட்டு வெளியேறிய கட்டபொம்மனை புதுக்கோட்டை சீமைக் காட்டில் வைத்து தொண்டைமான் ஆட்கள் பிடித்து ஒப்படைத்தார்கள். அவருடைய தானாபதி சுப்பிரமணிய பிள்ளை அதற்கு முன்பே செப்டம்பர் 13-ல் நாகலாபுரத்தில் கொல்லப்பட்டுவிட்டார்.

அந்த செப்டம்பர் 5-ஐ மட்டும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறோம்.

தூக்கில் போட்டவரே எழுதிய கடிதம்

கட்டபொம்மன் எப்படி செத்தார் என்பதற்கு நம்ம ஊர் கும்மிப்பாட்டும் கதைப்பாட்டும் மட்டும் சாட்சி இல்லை. தூக்கில் போட்ட பானர்மேனே சென்னை அரசாங்கத்துக்கு கடிதம் எழுதியிருக்கிறார். எதிராளி எழுதியது என்பதால் அதற்கு மதிப்பு கூடுதல்.

அதில் உள்ள தகவல் இது. விசாரணை நேரம் முழுக்க கட்டபொம்மன் அசரவே இல்லை. அலட்சியமாக இருந்தார். தன்னைப் பிடிக்க முனைப்பாக இருந்த எட்டயபுரம் பாளையக்காரரையும், சிவகிரி பாளையக்காரரையும் அடிக்கடி வெறுப்போடு பார்த்தார். தூக்கு மேடைக்கு (மேடை ஏது, புளியமரம்தான்) போகும்போது திடமாக நடந்தார். ரெண்டு பக்கமும் நின்ற பாளையக்காரர்களை இளக்காரமாகப் பார்த்துக்கொண்டே போனார்.

இதெல்லாம் சினிமாவில் பார்த்தது மாதிரியே இருக்கேன்னு தோன்றும். ஆனால் அந்தக் கடிதத்தில் அடுத்து ரெண்டு விஷயம் இருக்கு. அதைப் படித்தால்தான் மனசு பிசையும்.

மரத்துக்கு நடந்து போகிற வழியில் அவர் கவலைப்பட்டது ஒரே ஒரு ஆளைப் பற்றித்தானாம். பேச வராத தம்பி ஊமைத்துரையைப் பற்றி. மரத்தடிக்கு வந்ததும், கோட்டையை விட்டு வெளியே வந்ததுதான் தப்பு, அதைக் காத்து அங்கேயே செத்திருக்கலாம் என்று வருத்தப்பட்டாராம்.

வயது 39. (1760 ஜனவரி 3-ல் பிறந்தவர்.)

தூக்கு முடிந்த கையோடு கூடியிருந்த பாளையக்காரர்களுக்கு உத்தரவு போனது. கோட்டைகளை இடி, ஆயுதங்களை ஒப்படை. பாஞ்சாலங்குறிச்சியோடு நாகலாபுரம், ஏழாயிரம்பண்ணை, கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் பாளையங்களும் பறிபோயின. இன்றைக்கு விளாத்திகுளம் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற ஊர்கள்தான் இதில் பாதி.

16-ஆ, 17-ஆ?

இங்கே ஒரு குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். அரசுத் தேர்வுக்கு படிக்கிற பையன்கள், பெண்பிள்ளைகள் இதைக் கவனிக்கணும். சில புத்தகங்களில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட நாள் அக்டோபர் 17 என்று இருக்கும். சிலதில் 16 என்று இருக்கும். ஒரு மார்க் கேள்வியில் இந்த ஒரு நாள் வித்தியாசம் வேலையையே மாற்றிவிடும் அல்லவா?

பானர்மேன் கடிதத்தின் தேதி அக்டோபர் 17. அதில் அவர் 'நேற்று நடந்த விசாரணை' என்று எழுதுகிறார். நேற்று என்றால் 16. விசாரணையிலிருந்து அப்படியே வெளியே கூட்டிப்போய் காரியத்தை முடித்த மாதிரிதான் அதில் வருகிறது. கடிதத்தின் தலையில் உள்ள 17-தான் புத்தகங்களில் தூக்குத் தேதியாக ஏறிவிட்டது என்று தோன்றுகிறது. கயத்தாறில் காலம்காலமாக அனுசரிப்பது 16. தபால் துறை கட்டபொம்மன் ஸ்டாம்பு வெளியிட்டதும் 1999 அக்டோபர் 16-ல், 200-வது வருடத்தில்.

தேர்வு எழுதுகிறவர்கள் மட்டும் அவரவர் பாடப் புத்தகத்தில் என்ன தேதியோ அதையே எழுதுங்கள். பானர்மேன் வந்து மார்க் போட மாட்டார்.

அன்றைக்கு ஐப்பசி, இன்றைக்கு புரட்டாசி

ஊர்ப் பெரியவர்கள் இங்கிலீஷ் தேதி பார்க்க மாட்டார்கள். தமிழ்த் தேதிதான் கணக்கு. அதில் ஒரு வேடிக்கை உண்டு.

கட்டபொம்மன் தூக்கு நடந்தது சித்தார்த்தி வருடம். அப்போது ஐப்பசி பிறந்து ரெண்டு மூணு நாள் ஆகியிருந்தது. இப்போதோ அதே அக்டோபர் 16 புரட்டாசி கடைசியில் விழுகிறது. ஐப்பசி 1 வர இன்னும் ஒன்றிரண்டு நாள் இருக்கும்.

காரணம், தமிழ் வருடம் இங்கிலீஷ் வருடத்தைவிட சுமார் 20 நிமிடம் நீளம். ஒரு வருடத்துக்கு 20 நிமிடம் பெரிசா தெரியாது. 70 வருடம் சேர்ந்தால் ஒரு நாள் ஆகிவிடும். 200 வருடத்துக்கு மேல் ஆகும்போது மூன்று நாள் தள்ளிப்போய்விட்டது. இப்படி ஒரு மரணத்துக்கு இங்கிலீஷ் தேதி ஒன்று, தமிழ்த் தேதி ஒன்று, திதி ஒன்று என்று மூன்று நாள் வரும். நம்ம வீட்டு திவசமே அப்படித்தானே.

தம்பிக்கும் 16

அண்ணன் கவலைப்பட்ட தம்பி என்ன ஆனார்? பாளையங்கோட்டை சிறையில் அடைத்தார்கள். 1801 பிப்ரவரி 2-ந் தேதி தப்பினார். (அண்ணன் பாளையக்காரராக பட்டம் ஏறியதும் பிப்ரவரி 2-தான். வருடம் 1790.) இடித்துப் போட்ட பாஞ்சாலங்குறிச்சி கோட்டையை சில நாளிலேயே மண்ணை வைத்து மறுபடி எழுப்பிவிட்டார்கள். பார்த்த வெள்ளைக்காரன் திகைத்துப்போனான். மார்ச் மாதம் கும்பினி படை தாக்கி தோற்றது. பீரங்கியும் ஆளும் மேலும் வரவழைத்து மே 24-ல்தான் பிடிக்க முடிந்தது. அந்த சண்டையில் செத்த வெள்ளைக்காரர்களின் கல்லறைகள் ஓட்டப்பிடாரம் பக்கம் இன்றும் இருக்கு.

ஊமைத்துரை சிவகங்கை போய் மருது சகோதரர்களோடு சேர்ந்தார். கடைசியில் பிடிபட்டார். பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டுவந்து கொன்றார்கள். தேதி 1801 நவம்பர் 16.

அதோடு விடவில்லை. கோட்டை இருந்த இடத்தை உழுது ஆமணக்கும் உப்பும் விதைத்தார்கள். இனி அங்கே யாரும் குடியிருக்கக் கூடாது என்று. ஆனால் ஊர்ப் பெயரைச் சொல்லாமல் ஜனங்களைத் தடுக்க முடியவில்லை. கயத்தாறில் தூக்கு நடந்த இடத்தில் வழிப்போக்கர்கள் ஆளுக்கொரு கல்லைப் போட்டு, அது ஒரு மேடாகவே ஆனது என்று சொல்வார்கள். எழுதத் தெரியாத ஜனங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள கண்டுபிடித்த வழி அது.

வங்காளத்தில் அடுப்பு எரியவில்லை

இப்போது அங்கிருந்து ஒரு தாவு. 1905 அக்டோபர் 16, திங்கட்கிழமை. இடம் கல்கத்தா.

வைஸ்ராய் கர்சன், வங்காளத்தை ரெண்டாகப் பிரித்த உத்தரவு அன்றுதான் அமலுக்கு வந்தது. மாநிலம் பெரிசா இருக்கு, நிர்வாகம் கஷ்டம் என்று காரணம் சொன்னார்கள். இந்துவையும் முஸ்லிமையும் பிரிக்கிற வேலை என்று ஜனங்கள் புரிந்துகொண்டார்கள்.

அன்று வீடுகளில் அடுப்பு பற்ற வைக்கவில்லை. ஜனங்கள் செருப்பு இல்லாமல் கங்கைக்கு நடந்து போய் குளித்தார்கள். கவி ரவீந்திரநாத் தாகூர் தெருவில் இறங்கி, இந்து முஸ்லிம் பார்க்காமல் எல்லோர் கையிலும் ராக்கி கயிறு கட்டிவிட்டார். வெளிநாட்டுத் துணி வேண்டாம், உப்பு வேண்டாம், நம்ம சரக்கையே வாங்குவோம் என்ற சுதேசி இயக்கம் அந்தப் பிரிவினையை எதிர்த்துத்தான் கிளம்பியது. அதன் சூடு தூத்துக்குடி வரைக்கும் வந்தது.

அடுத்தடுத்த வருடங்களில் அக்டோபர் 16 வந்தாலே சுதேசிக்காரர்களுக்கு அது அனுசரிப்பு நாள். பிரிவினையை 1911-ல் வாபஸ் வாங்கிவிட்டார்கள் என்பது தனிக்கதை.

25 ரூபாய் பங்கு, 40 ஆயிரம் பங்கு

1906 அக்டோபர் 16, செவ்வாய்க்கிழமை. பிரிவினைக்கு முதலாம் ஆண்டு. அந்த நாளில்தான் வ.உ.சி.யின் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவாகிறது.

அப்போது தூத்துக்குடி-கொழும்பு கப்பல் போக்குவரத்து வெள்ளைக்கார கம்பெனி கையில் இருந்தது. கூலி வேலைக்கு இலங்கை போகிறவர்கள், வியாபாரிகள், கருவாட்டு மூட்டை, வெங்காய மூட்டை எல்லாம் அவன் சொன்ன வாடகைக்குத்தான் போகணும். அதற்கு எதிராக ஒரு வக்கீல் சொந்தமாக கப்பல் விடுகிறேன் என்று கிளம்பினால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய். மொத்தம் 40 ஆயிரம் பங்கு. ஆசியாவைச் சேர்ந்தவர் யாரும் வாங்கலாம், வெள்ளைக்காரனுக்கு கிடையாது. பாண்டித்துரைத் தேவர் தலைவர். வ.உ.சி. உதவிச் செயலாளர்.

முதலில் வாடகைக் கப்பல்தான். அதையும் தரவிடாமல் தடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் 1907-ல் சொந்தமாகவே காலியா, லாவோ என்று ரெண்டு கப்பல் வந்து சேர்ந்தது. காலியா கப்பலில் மட்டும் சாதாரண வகுப்பில் 1300 பேர் போகலாம். கூடவே 4 ஆயிரம் மூட்டை சரக்கு ஏற்றலாம்.

அப்புறம் நடந்தது இன்றைக்கு செல்போன் கம்பெனிகள் போடுகிற ஆஃபர் சண்டை மாதிரிதான். வெள்ளைக்காரன் கட்டணத்தைக் குறைத்தான். இவர்களும் குறைத்தார்கள். கடைசியில் அவன், டிக்கெட்டே வேண்டாம் சும்மா வாங்க, கூட ஒரு குடையும் தருகிறோம் என்ற அளவுக்கு இறங்கிவிட்டான். நஷ்டத்தைத் தாங்க அவனிடம் பணம் இருந்தது. நம்ம ஆளிடம் 25 ரூபாய் பங்குக்காரர்கள்தான் இருந்தார்கள்.

1908 மார்ச் 12-ல் வ.உ.சி. கைதானார். மறுநாள் நெல்லையில் கலவரம், துப்பாக்கிச்சூடு. ஜூலையில் ரெட்டை ஆயுள் தண்டனை. அப்பீலில் அது குறைந்தது. கோவை சிறையில் செக்கு இழுத்தார். அவர் உள்ளே இருக்கும்போதே 1911-ல் கம்பெனி மூடப்பட்டது. 1912 கடைசியில் அவர் வெளியே வந்தபோது வரவேற்க கூட்டம் இல்லை. கப்பலும் இல்லை.

இந்த மனிதர் பிறந்தது ஓட்டப்பிடாரம். பாஞ்சாலங்குறிச்சிக்கு கூப்பிடு தூரம். பிறந்த தேதி 1872 செப்டம்பர் 5. ஞாபகம் இருக்கா? பாஞ்சாலங்குறிச்சி கோட்டையில் பீரங்கி வெடித்த அதே செப்டம்பர் 5. சரியாக 73 வருடம் கழித்து. இதுவும் தற்செயல்தான். ஆனாலும் ஒருத்தர் வீழ்ந்த கதைக்கும் ஒருத்தர் எழுந்த கதைக்கும் ரெண்டு தேதி பொருந்துகிறது என்றால் ஆச்சரியமாகத்தான் இருக்கு.

கோவில்பட்டி கோர்ட்டில் வ.உ.சி.

நம்ம ஊர்க்காரர்களுக்கு கூடுதலாக ஒரு செய்தி. வ.உ.சி. கோவில்பட்டியிலும் குடியிருந்திருக்கிறார். சிறைக்குப் போனதால் பறிபோன வக்கீல் சன்னதை வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதிதான் திரும்ப வாங்கித் தந்தார். அந்த நன்றிக்கு தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். ஜாதி மதம் பார்க்காமல் நன்றி காட்டியதில் வெள்ளைக்காரனையும் அவர் விடவில்லை!

அதற்குப் பிறகு கோவில்பட்டியில் வக்கீல் தொழில் பார்த்தார். 1932-ல் தூத்துக்குடி திரும்பினார். 1936 நவம்பர் 18-ல் காலமானார். கப்பல் ஓட்டியவர் கடல் இல்லாத கரிசல் ஊரில் கேஸ் கட்டோடு நடந்திருக்கிறார். இதைப் பற்றி ஊரில் பேசுவது குறைவு.

1986-ல் நெல்லை மாவட்டத்தைப் பிரித்தபோது ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் மரியாதை கிடைத்தது. நெல்லை, கட்டபொம்மன் மாவட்டம் ஆனது. தூத்துக்குடி, சிதம்பரனார் மாவட்டம் ஆனது. பஸ்சிலும் 'கட்டபொம்மன்' என்று எழுதியிருக்கும். 1997-ல் தலைவர்கள் பெயரை எல்லாம் எடுத்தபோது இதுவும் போனது. பழைய பத்திரங்களில் பார்க்கலாம்.

உலகத்தில் அதே தேதி

1793: கட்டபொம்மனுக்கு சரியாக 6 வருடம் முன்பு. பிரான்ஸ் நாட்டு ராணி மேரி அந்துவானெத், பாரீஸ் நகரில் ஜனக்கூட்டத்தின் முன்பு தலை வெட்டிக் கொல்லப்பட்டார். அங்கே ராஜாவை ஜனங்கள் விசாரித்தார்கள். இங்கே வியாபாரம் செய்ய வந்தவன் பாளையக்காரரை விசாரித்தான்.

1846: இதுதான் எங்களைப் போன்ற சாதாரண ஜனங்களுக்கு ரொம்ப முக்கியம். அமெரிக்காவில் பாஸ்டன் ஆஸ்பத்திரியில் மார்ட்டன் என்ற பல் டாக்டர், ஒரு நோயாளிக்கு ஈதர் மருந்தை முகரக் கொடுத்தார். பெரிய டாக்டர் வாரன், கழுத்தில் இருந்த கட்டியை அறுத்தார். நோயாளி கத்தவில்லை. எல்லோரும் பார்க்க மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்து காட்டியது அன்றுதான். அதற்கு முன்பெல்லாம் சாராயத்தைக் குடிக்க வைத்து, நாலு பேர் கையையும் காலையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் அறுப்பார்கள். இன்றைக்கு சிசேரியனுக்கோ குடல்வாலுக்கோ ஆபரேஷன் தியேட்டர் போகிற யாரும் இந்த அக்டோபர் 16-க்கு கும்பிடு போடலாம்.

1946: யூதர்களைக் கொன்று குவித்த ஹிட்லரின் கூட்டாளிகள் ஜெர்மனியில் நூரம்பெர்க் சிறையில் தூக்கிலிடப்பட்டனர்.

1951: பாகிஸ்தானின் முதல் பிரதமர் லியாகத் அலிகான் ராவல்பிண்டியில் பொதுக்கூட்டத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் பெயரை வைத்த அதே மைதானத்துக்கு வெளியேதான் 2007-ல் பெனாசிர் பூட்டோவும் கொல்லப்பட்டார்.

1964: சீனா முதல் அணுகுண்டை வெடித்தது.

1968: மெக்சிகோ ஒலிம்பிக். 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கமும் வெண்கலமும் வாங்கிய அமெரிக்க கறுப்பின வீரர்கள் டாமி ஸ்மித், ஜான் கார்லோஸ் ரெண்டு பேரும் மேடையில் கறுப்பு கையுறை போட்ட கையை உயர்த்தி நின்றார்கள். தலை குனிந்திருந்தது. காலில் ஷூ இல்லை. நிறவெறிக்கு எதிர்ப்பு. இதற்காக அவர்களை போட்டியை விட்டே அனுப்பிவிட்டார்கள்.

1978: போலந்துக்காரரான இரண்டாம் ஜான் பால் போப் ஆண்டவராக தேர்வானார்.

பிறந்த நாள் கொண்டாடுகிறவர்கள்

கனவுக் கன்னி ஹேமமாலினி பிறந்தது 1948 அக்டோபர் 16. பாலிவுட் நடிகை என்றாலும் தஞ்சாவூர் சீமை அம்மன்குடி பொண்ணு. 'கொலைவெறி' பாட்டைப் போட்டு உலகத்தை ஆட வைத்த இசை அமைப்பாளர் அனிருத் பிறந்தது 1990 அக்டோபர் 16. 'மொழி' படத்தில் நடித்த பிருத்விராஜ் 1982. தென் ஆப்பிரிக்க கிரிக்கெட் வீரர் ஜாக் காலிஸ் 1975. ஒடிசாவில் தொடர்ந்து 24 வருடம் முதல்-மந்திரியாக இருந்த நவீன் பட்நாயக் 1946. எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு 1854. இஸ்ரேலின் முதல் பிரதமர் பென்குரியன் 1886.

இத்தனை பேர் ஒரே நாளிலா என்று வாயைப் பிளக்க வேண்டாம். ஒரு கணக்கு சொல்கிறோம். ஒரு கிளாசில் 23 பிள்ளைகள் இருந்தால் போதும், அதில் ரெண்டு பேருக்கு ஒரே பிறந்த நாள் வர பாதிக்கு மேல் வாய்ப்பு. வருடத்துக்கு 365 நாள்தான். பிறக்கிறவர்கள் கோடி கோடி. எந்தத் தேதியைத் தோண்டினாலும் நாலு பிரபலம் கிடைப்பார்கள்.

நம்ம ஊரில் இந்தக் கணக்கு உதைக்கும். ஒரு தலைமுறைக்கு முன்பு பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, 'பையன் பெரு மழையில் பிறந்தான் சார்' என்று ஆத்தா சொல்லுவாள். வாத்தியார் தனக்கு வசதியாக மே, ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார். அதனால்தான் கரிசல் காட்டில் 50 வயது தாண்டிய பாதிப் பேருக்கு சர்ட்டிபிகேட்டில் கோடைகால பிறந்த நாள்!

உணவு தினமும் ஈர விதைப்பும்

இன்று உலக உணவு தினமும்கூட. 1945 அக்டோபர் 16-ல் கனடாவில் கியூபெக் நகரத்தில் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு தொடங்கியதால் இந்த நாள். 1981-ல் இருந்து கொண்டாடுகிறார்கள்.

கரிசல் விவசாயிக்கு இது விழா நாள் அல்ல. வானத்தைப் பார்க்கிற நாள். வடகிழக்கு பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித்தான் பிடிக்கும். மானாவாரி நிலத்தில் கம்பு, சோளம், உளுந்து, பாசி, பருத்தி, மக்காச்சோளம் எல்லாம் இந்த புரட்டாசி-ஐப்பசி மழையை நம்பித்தான் விதைக்கிறது. சிலர் மழைக்கு முன்னாடியே புழுதியில் விதைத்துவிட்டு காத்திருப்பார்கள். மழை தவறினால் விதை போச்சு, உழவுக் கூலி போச்சு. 2018-ல் மழை வந்தும் படைப்புழு வந்து மக்காச்சோளத்தைத் தின்றது மறக்குமா?

இந்த மண்ணில் என்ன போட்டால் தேறும் என்று பார்க்கத்தான் 1901-லேயே கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். கே.12 சோளம், கே.சி.3 பருத்தி என்று 'கே' போட்டு வருகிற ரகங்களில் அந்த 'கே' நம்ம கோவில்பட்டிதான். விதைப் பை வாங்கும்போது பாருங்கள்.

கட்டபொம்மன் காலத்து சண்டையும் இந்த மழைக்கணக்கில்தான் வந்து நிற்கும். விளைந்தால் கிஸ்தி கட்டலாம். விளையாத வருடத்திலும் கும்பினி கேட்டது.

சிவாஜி வாங்கிய இடம்

கடைசியாக அந்த சிலை. தூக்கு நடந்த புளியமரம் இப்போது இல்லை. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படம் தமிழ்நாட்டில் ரிலீஸ் ஆனது 1959 மே 16. (அங்கேயும் ஒரு 16!) அந்தப் படத்துக்காக கெய்ரோ பட விழாவில் சிவாஜி கணேசன் சிறந்த நடிகர் விருது வாங்கினார். பிறகு கயத்தாறில் அந்த இடத்தை சொந்தப் பணத்தில் வாங்கி, 1970-ல் சிலை வைத்தார். 1974-ல் பாஞ்சாலங்குறிச்சியில் தமிழக அரசு நினைவுக் கோட்டை கட்டியது. கயத்தாறில் மணிமண்டபம் வந்தது 2015-ல்.

கோவில்பட்டியில் இருந்து கயத்தாறுக்கு சுமார் 25 கிலோ மீட்டர். நெல்லை போகிற பஸ்களில் ஊருக்குள் போகிற வண்டியா, பைபாசில் போகிற வண்டியா என்று கண்டக்டரிடம் கேட்டு ஏறுங்கள். பைபாசில் இறக்கிவிட்டால் வெயிலில் நடக்கணும். குழந்தைகளைக் கூட்டிப்போகிறவர்கள் அப்படியே ஓட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த வீட்டையும், பக்கத்தில் பாஞ்சாலங்குறிச்சியையும் இன்னொரு நாள் பார்த்துவிடலாம். ஒரே நாளில் மூன்றும் பஸ்சில் முடியாது.

நேற்று அக்டோபர் 15, அப்துல்கலாம் பிறந்த நாள். நாளை அக்டோபர் 17, கவிஞர் கண்ணதாசன் மறைந்த நாள் (1981), எம்.ஜி.ஆர். அ.தி.மு.க.வைத் தொடங்கிய நாள் (1972).